இடக்கை மெசின்

செட்டிபாளையம்
22.04.2002

தம்பி மூர்த்தி அறிய அக்கா எழுதுவது,

உன் கடிதம் வருசப் பிறப்புக்குப் புறகு வந்தது. இங்கு யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், உள்ளதை எழுதுகிறேன். என் வலது தோள் சுகமில்லை. மற்றதெல்லாம் கிடக்கிறபடி கிடக்கிறது.

இரண்டு வருசமாக உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. சண்டை நின்றது என்று ரேடியோவில் சொன்ன பிறகு அக்காவின் நினைவு வந்ததாக்கும். பரவாயில்லை. சுவிஸில் முத்திரை விலை கூடத்தான் இருக்கும்.

கத்தி தீட்ட மெசின் அனுப்பட்டா என்று கேட்டிருக்கிறாய். தீட்டுத்தாள் ஒட்டின பட்டி கரண்டில் சுற்றி ஓடுமாம், அதில் அலகைப் பிடித்தால் போதுமாம், சுற்றித் தர ஆள் வேண்டாமாம். ஆள் வேண்டாம் என்ற இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். இந்த வளவில் சாணைக்கல்லைச் சுற்றினது நான், அலகு பிடித்தது உன் அத்தான் என்று உனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு அவர் வாவி தாண்டிப் போய் இன்னும் வராமல் இருக்கிறபடியால் அலகு பிடிக்கிறதும் நான் என்றாகிவிட்டது. பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை வந்து கல்லைச் சுற்றுகிறாள். அவள் தன் மனிசனைக் கண்ணால் கண்டு அடக்கம் செய்தவள். என் கதை அப்படியில்லை.

அவளுக்கும் வயது போய்விட்டது. நேற்று கைப்பிடியை விட்டுவிட்டு இருந்தபடி ஏசினாள். "பூரணம், இந்தக் கல்லுல அரிசி போட்டாலும் ரெண்டு ரொட்டிக்கு மா வரும். நீ என்ர தோளையெல்லோ அரைக்கிறாய்." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

உலையை நான் மூட்டுவதில்லை. அது அவருடையது. ஏறாவூர் முகைதீன்பாவா காக்கா மரம் அரிகிற மரக்காலைகளில் கழித்த வாள் தகடு கொண்டுவந்து தருவார். அதை உளியால் வெட்டி, தீட்டி, பிடி போட்டுக் கொடுக்கிறேன். மீன் வெட்டுகிற கத்தி, தேங்காய் உரிக்கிற கத்தி. தீட்டுகிறதுதான் முழு வேலையும்.

மெசினில் எத்தனை மாதிரி இருக்கிறது என்று விவரமாக எழுது. ஏதோ ஒன்றை வாங்கி அனுப்பாதே. நான் தெரிந்தெடுத்துச் சொல்கிறேன்.

உன் அக்கா
அன்னப்பூரணி


பேர்ண், சுவிஸ்
19.05.2002

என்ர அக்காவுக்கு,

நீ வாசிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தது பிழைதான். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் சாணைக்கல் சத்தம் காதில் கேட்கும், பதில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. விடு.

நான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற் குசினிக்கு ஒரு கிழவன் கத்தி தீட்ட வருவான். வீட்டுக் கராஜில் தானே கத்தியும் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் மெசின்களைப் பார்த்தேன். மூன்று மாதிரி இருக்கிறது.

ஒன்று, மேசையில் வைக்கிறது. பட்டி ஒரு விரல் அகலம். சின்னக் கத்திக்கு நல்லது, பாரமில்லை, நீயே தூக்கி வைப்பாய். ஆனால் பட்டி நீளம் கட்டை என்றபடியால் சீக்கிரம் சூடாகும். சூடேறினால் அலகு நீலம் பாயும், நீலம் பாய்ந்தால் கூர் நில்லாது. அத்தான் அதுக்காக எனக்குக் குட்டினது இன்னும் தலையில் இருக்கிறது.

இரண்டாவது, நடுத்தரம். மூன்றாவதுதான் கிழவன் வைத்திருக்கிறது. நிலத்தில் நட்டது, பட்டி மூன்று விரல் அகலம், ஒரு ஆள் நீளம். பெரிய கத்தியும் தீட்டலாம், சூடும் ஏறாது. ஆனால் மோட்டர் பெரியது. இழுத்தால் ஆளையே இழுக்கும்.

எனக்கென்றால் நடுத்தரம்தான் உனக்குச் சரி. நீ சொல்லு. கரண்ட் எப்படி? பட்டி தேய்ந்தால் அங்கே கிடைக்குமா? எந்த உயரத்தில் இருக்க வேணும்?

கவனமாக இரு அக்கா. என் மகள், உன் மருமகள், ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன்னைப் போல கோபக்காரி.

மூர்த்தி


செட்டிபாளையம்
16.06.2002

தம்பி,

மருமகள் என்னைப் போல என்றால் நல்லாய் இருப்பாள், பயப்படாதே.

நீ கேட்டதற்கெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முகைதீன்பாவா காக்காவிடம் கதையைச் சொன்னேன். உன் அத்தானும் அவரும் டேய் போட்டுக் கதைக்கிற கூட்டாளிமார். அவர் கேட்டார், "மெசின் வந்தாப் போதுமா தங்கச்சி, பட்டி தேயுமெல்லோ. தேஞ்சா நீ பிளேன் ஏறிச் சுவிஸுக்குப் போய் வாங்குவியா, இல்ல நான் போகட்டா? எனக்கெண்டா விருப்பம்தான்." மறுகா அவரே என்னைக் காத்தான்குடியில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தச்சுவேலைக்காரர் வாங்குகிற தீட்டுச்சீலை அங்கே சுருளாய் இருக்கிறது. கடைக்காரன் நல்லவன். "வேணுமான நீளத்துக்கு வெட்டி ஒட்டலாம் அக்கா. ஆனா ஒட்டின இடம் ஒவ்வொரு சுத்துக்கும் டொக் டொக் எண்டு தட்டும்" என்றான். அதனால் பட்டி நீளமாக இருக்கிறதுதான் நல்லது. நீளம் கூடினால் டொக்கு குறையும். அகலமும் அந்தச் சுருளில் வெட்டக்கூடிய அகலம். உன் மூன்றாவது மெசின்தான் அதற்குச் சரிவரும்.

கரண்ட் பின்னேரமானால் இறங்கும், பல்ப் மஞ்சளாகும். சின்ன மோட்டர் அந்த நேரம் முக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே பெரிய மோட்டர் வேணும்.

உயரம். சாணைக்கல் பதிவாய் இருந்தபடியால்தான் முதுகு பிடித்தது. நின்ற நிலையில், குனியாமல் தீட்ட வேணும். உயரமான ஆள் என்று வைத்துச் செய்யச் சொல்லு.

கடைசியாக ஒன்று. இதை மறக்காதே. மோட்டர் வலது பக்கம் போக வேணும். பட்டி இடது கைக்கு வெளியாய் இருக்க வேணும். எல்லா மெசினும் ஒரே பக்கம்தான் வருமா, மாற்றியும் வருமா என்று அந்தக் கிழவனிடம் கேள்.

ஆச்சிப்பிள்ளை உன்னை விசாரித்தாள். மெசின் வந்தால் தனக்குப் பென்சன் எழுதித் தரட்டாம்.

உன் அக்கா
அன்னப்பூரணி


பேர்ண்
14.08.2002

அன்பு அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

மாற்றின பக்கம் கிடைக்கும். இடக்கைக்காரருக்கென்று சொல்லிச் செய்விக்க வேணும், சுணங்கும். அது பெரிய காரியமில்லை. ஆனால் நான் ஒன்று கேட்க வேணும், கோபிக்காதே. நீ சோறு தின்பதும், எழுதுவதும், எனக்கு அடித்ததும் வலது கையால். நீ நின்றால் என் நெஞ்சுக்கு வருவாய். ஆச்சிப்பிள்ளை மாமியும் வலக்கைதான். அப்போ இடக்கையும் உயரமுமாய் அந்த வளவில் ஆர் இருக்கிறது?

எனக்குத் தெரியும் ஆர் என்று. அத்தான் இடக்கைக்காரர். இடக்கையால் தீட்டினால் அலகில் கோடு மற்றப் பக்கம் சாயும். சந்தையில் கத்தியைத் தூக்கிப் பார்த்தவுடன் இது துரையின்ர கத்தி என்று சொல்லுவார்கள். எனக்கும் அந்தக் கோடு கண்ணுக்குள் நிற்கிறது.

அக்கா, அத்தான் இருந்திருந்தால் ஏதாவது ஒரு வழியில் தெரிந்திருக்கும். நீ சின்ன மெசினை எடு. உன் உயரத்துக்கு, உன் கைக்கு. உனக்காக ஒன்று எடு.

இதையும் இனி ஒளிக்க விருப்பமில்லை. போன வியாழக்கிழமை ஆடி அமாவாசை. இங்குள்ள கோயிலில் அத்தானின் பெயர் சொல்லித் தர்ப்பணம் செய்தேன். இது முதல் தரம் இல்லை. மகள் பிறந்து காய்ச்சலும் வருத்தமுமாய்க் கிடந்த வருசம் ஐயர் சொன்னார், உரித்துள்ளவர் செய்யாவிட்டால் மச்சினன் செய்யலாம் என்று. அந்த வருசத்தில் இருந்து விடாமல் செய்கிறேன். அவர் எனக்குத் தொழில் தந்தவர். பட்டினியாய் அலையக்கூடாது என்றுதான் செய்தேன். நீயும் ஒருதரம் மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் முழுகு. மனம் ஆறும்.

தம்பி
மூர்த்தி


செட்டிபாளையம்
10.09.2002

மூர்த்திக்கு,

வழக்கமாய் உன் கடிதங்களை ஆச்சிப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இதையும் தொடங்கினேன். தர்ப்பணம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "மறுகா என்னவாம்?" என்று கேட்டாள். "மறுகா ஒண்டுமில்ல, அவ்வளவுதானாம்" என்று மடித்து வைத்தேன்.

நான் இங்கே பொட்டு வைத்துக்கொண்டு திரிந்த வருசமெல்லாம் நீ அங்கே என் மனிசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு சொல்லுக் கேட்டாயா? தாலி என் கழுத்தில் கிடக்க, கூடப்பிறந்த நீ கண்காணாத தேசத்தில் இருந்து என்னை அறுத்துவிட்டிருக்கிறாய்.

நான் ஏறாத ஆமி முகாம் இல்லை. வாசல்களில் வெயிலில் நின்றேன். படத்தைக் காட்டினேன். செஞ்சிலுவைக்காரரிடம் பதிந்தேன். அப்படி ஒரு ஆளைத் தெரியாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். செத்துப்போனார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊர்ப் பதிவு பார்க்கிற விதானை மரணப் பத்திரம் எடுத்துத் தாறேன் என்று பேப்பரோடு வந்தார், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். இத்தனை பேர் சொல்லாததை நீ சொல்லிவிட்டாய். உன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் புருசன் சாக வேண்டுமா?

ஆடி அமாவாசைக்கு நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஊரே மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகும். ஆச்சிப்பிள்ளை விடியவே முழுகிப்போட்டுப் பஸ் ஏறுவாள். அன்றைக்கு ஊரில் மீன் மணக்காது. நான் வாவிக்கரைக்குப் போய் மணலை மீன் வாங்குவேன். "என்ன அன்னப்பூரணி, ஊரெல்லாம் மரக்கறி, உனக்கு மட்டும் மீனா?" என்று தோணிக்காரன் கேட்பான். "எங்கட மனிசனுக்கு மணலைப் புளியாணம் எண்டா உயிர்" என்று சொல்லிவிட்டு வருவேன். புளியாணம் காய்ச்சி, இரண்டு கோப்பையில் போட்டு, ஒன்றைத் தின்பேன். புருசன் உயிரோடு இருக்கிறவள் அமாவாசை பிடிக்கக் கூடாது. அதுதான். ஒவ்வொரு வருசமும் நான் மீன் தின்ற அதே நாளில் நீ அங்கே அவருக்குத் தண்ணி ஊற்றியிருக்கிறாய். நான் ஒரு பக்கம் பிடித்து இழுக்க நீ மற்றப் பக்கம் தள்ளியிருக்கிறாய். அவர் எப்படி வந்து சேருவார்?

அவர் உனக்குத் தொழில் தந்தவர் என்று எழுதியிருக்கிறாய். வேறு என்ன தந்தார் என்று எழுத மறந்துவிட்டாய். கடைசியாகப் போன அன்று சாக்கில் இருந்த தாக்கத்தி எல்லாம் எதற்கு? நீ வெளிநாடு போகக் காசு போதாமல் கொழும்பில் லொட்ஜில் இருந்து ஏஜென்சிக்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது, கொண்டுபோனால் விற்கும், பெடியனைப் பிளேன் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார் உன் அத்தான். சாக்கு நிறைய இரும்போடு இந்த நாளில் ஒரு ஆம்பிளை துறைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். "நெல்லு வெட்டுற தாக்கத்தியைப் பாத்து ஆரும் பயப்படுவாங்களா, விசரி" என்று சிரித்தார். இடது தோளில் சாக்கு. படலையைச் சாத்தாமல் போனார்.

இதை நான் உனக்கு ஒருநாளும் எழுதவில்லை. நீ அங்கே வேலை செய்து, கலியாணம் கட்டி, நல்லாய் இருக்க வேணும், உன் தலையில் இது ஏறக்கூடாது என்று இருந்தேன். எழுதவைத்தது நீ.

மெசின் வேண்டாம். சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம். கல் இருக்கிறது.

அன்னப்பூரணி


பேர்ண்
02.12.2002

அக்கா,

நீ எழுதினது எல்லாம் சரி. சாக்கு எதற்கு என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேணும் என்று இல்லை. லொட்ஜில் இருந்த அன்றே தெரியும்.

நீ முதலில் கேட்டபடி செய்வித்திருக்கிறேன். நீளப் பட்டி, பெரிய மோட்டர். மோட்டர் வலது பக்கம், பட்டி இடது கைக்கு. உயரம் அத்தானுக்கு. அவருடைய உயரத்தைக் கண் மதிப்பில் கையால் கிழவனுக்குக் காட்டினேன். பெட்டி கப்பல் ஏறிவிட்டது. வேண்டாம் என்றால் வாவியில் போடு.

மூர்த்தி


செட்டிபாளையம்
15.06.2003

மூர்த்திக்கு,

பெட்டி மாசியில் வந்தது. பதில் போடவில்லை. போட நினைக்கவும் இல்லை. இப்போது ஒரு காரியம் இருக்கிறபடியால் எழுதுகிறேன்.

முகைதீன்பாவா காக்காதான் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நாலு பேர் தூக்கினார்கள். கொட்டிலில் சாணைக்கல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நட்டு, கரண்டும் கொடுத்தார்கள். நல்ல சாமான், பொய் சொல்லக் கூடாது. என் நாடி உயரத்துக்கு நிற்கிறது. ஆச்சிப்பிள்ளை சுற்றிவரப் பார்த்தாள். "இது ஆருக்கு, பூரணம்? தென்னைக்கா?" என்றாள். நான் அவர் உடுக்கிற சாரத்தை எடுத்து அதன்மேல் போட்டு மூடினேன். வந்து தன் கையாலேயே திறக்கட்டும் என்று.

சித்திரையில் ஆச்சிப்பிள்ளைக்குத் தோள் ஒரேயடியாய் விழுந்துவிட்டது. கை ஏலாது. கல் நின்றது. வேறு ஆளும் இல்லை. இரண்டு கிழமை கஞ்சி குடித்துப் பார்த்தேன். புறகு சாரத்தை எடுத்தேன்.

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்றேன். வலது கையால் பிடித்தால் கத்தியின் வால் மோட்டரில் முட்டுகிறது. முட்டி, அலகு திரும்பி, பெருவிரலைக் கிழித்தது. நாலைந்து தகடு நீலம் பாய்ந்து குப்பைக்குப் போனது. உன்னை ஏசினேன். அவரையும் ஏசினேன், முதல் தரமாக. இப்படி ஒரு மெசினைத் தெரிந்தெடுத்தது நான்தான் என்ற கோபமும் இருந்தது. மறுகா இடது கைக்கு மாறினேன். முதலில் பேனை பிடிக்கத் தெரியாத பிள்ளையின் எழுத்துப் போல வந்தது. விடாமல் பிடித்தேன். இப்போது வருகிறது.

போன கிழமை காக்கா கத்தி எடுக்க வந்தார். பலகையில் அடுக்கியிருந்ததில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். முகம் மாறிப்போனது. "அல்லாஹ்வே! துரை வந்திட்டானா?" என்றார். நான் வாய் திறக்க முந்தியே கொட்டிலுக்குள் போய்விட்டார். "எங்க புள்ள மனிசன்? டேய் துரை! எங்கடா ஒளிச்சி நிக்கிறாய்? எனக்குமாடா?" என்று சிரித்துக்கொண்டே உலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் அறைக் கதவைத் தட்டினார்.

நான் கத்தியை எடுத்துப் பார்த்தேன். கோடு மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஒவ்வொரு இடமாய்த் தேடிக்கொண்டு அந்த மனிசன் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க ஏலாமல் போய்விட்டது. "காக்கா, தேடாதீங்க" என்றேன். "அவர் இல்ல. அது நான் தீட்டினது. அவர் இனி வரமாட்டார்."

சொன்னது நான்தான். என் வாயால்தான் வந்தது. காக்கா கதவடியிலேயே குந்திவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நான் போய் உலையடியில் இருந்தேன். கத்தியை எடுக்காமலேயே அவர் போனார்.

நீ ஐயரை வைத்துச் சொன்னபோது எனக்கு அவர் சாகவில்லை. உன் மெசின் சொல்லவைத்தது. அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தச் சாக்குக்காகவும் இல்லை. பெருமைக்காக எழுதவில்லை, மனசுக்குள் தேடிப் பார்த்தேன், மன்னிப்பு என்னிடம் இல்லை.

காரியம் இதுதான். வருகிற ஆடி அமாவாசைக்கு நீ ஒன்றும் செய்யாதே. எள்ளைத் தொடாதே, தண்ணி ஊற்றாதே, அவர் பெயரை ஐயரிடம் சொல்லாதே. இந்தக் கடிதம் அதற்கு முந்தி வந்து சேர வேணும் என்றுதான் ஒரு மாசம் முன்னால் போடுகிறேன். அது எனக்குரிய காரியம். நீ கேளாமல் எடுத்து வைத்திருந்தாய், இனி நான் செய்கிறேன். ஆச்சிப்பிள்ளையோடு முதல் பஸ்ஸில் மாமாங்கத்துக்குப் போவேன். தோணிக்காரனுக்கும் சொல்லிவிட்டேன், அன்றைக்கு எனக்கு மீன் வேண்டாம் என்று. அவன் ஏன் என்று கேட்கவில்லை.

மெசின் நன்றாய் ஓடுகிறது. பட்டி அனுப்பாதே, காத்தான்குடியில் இருக்கிறது. ஒட்டின இடம் தட்டத்தான் செய்கிறது, பழகிவிட்டது. கடிதமும் போடாதே. மருமகளுக்கு ஒரு சின்னக் கத்தி செய்து இதோடு அனுப்ப நினைத்தேன். தபாலில் கத்தி எடுக்க மாட்டார்களாம்.

இராசதுரையின் பெண்சாதி
அன்னப்பூரணி